கல்லும் ஓட்டமும்: ஆற்றுச் சிக்லிட் வளர்க்க வரும் பிள்ளைகளுக்கு

ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும், நரசிங்கம், கொடிக்குளம் பக்கத்து இளவட்டங்களும் மீன்தொட்டி பற்றிக் கேட்க என் வீட்டுக்கு வருகிறார்கள். இப்போதெல்லாம் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஐயா, அந்தக் கனரா மீனை வளர்க்க முடியுமா?” செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். தெளிந்த தண்ணீர், உருண்டைப் பாறைகள், அவற்றுக்கு நடுவே கறுப்புப் பட்டையும் வெண்புள்ளியுமாக ஒரு மீன் கூட்டம். ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. அந்த மீனைத் தொடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் உதவட்டும் என்று எழுதித் தருகிறேன். எண்ணிட்டிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்த மீன் என்று முதலில் தெளிவாகுங்கள்

சிக்லிட் குடும்பத்தில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும்தான் அவை கொழிக்கின்றன. இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே மூன்று. கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொள்ளிக்கிற கரிமீன் ஒன்று. 2010-ல் கேரள அரசு அதை மாநில மீனாக அறிவித்தது. இரண்டாவது, கடைகளில் ஆரஞ்சு குரோமைடு என்று விற்கிற சின்ன மஞ்சள் மீன். இந்த இரண்டும் கழிமுகத்து உப்புத் தண்ணீரிலும் வாழும், நல்ல தண்ணீரிலும் வாழும். மூன்றாவதுதான் நீங்கள் கேட்கிற கனரா மீன், எட்ரோப்ளஸ் கனரென்சிஸ். அது ஆற்று மீன். மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்து இந்திய மீன்களையெல்லாம் வரிசைப்படுத்திய பிரான்சிஸ் டே 1877-ல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். தென் கனரா மாவட்டத்தின் பெயர்தான் அது.

முழுதாக வளர்ந்தாலும் நாலரை அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். இந்த மூன்று மீன்களுக்கும் மிக நெருங்கிய சொந்தக்கார மீன்கள் இருப்பது மடகாஸ்கர் தீவில். ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்தன. நிலம் பிரிந்தபோதே இந்த மீன்களும் பிரிந்தனவா, பிற்பாடு கடலைக் கடந்து வந்தனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய குடும்பத்துப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள்.

2. தொட்டிக்கு முன்னால் அதன் ஆற்றைப் பாருங்கள்

குக்கே சுப்பிரமணியாவுக்கு நம் ஊரிலிருந்து சர்ப்ப தோஷப் பரிகாரத்துக்குப் போகிறவர்கள் பலர். அங்கே குளிக்கிற ஆறு குமாரதாரா. புஷ்பகிரி மலையில் பிறந்து, சுப்பிரமணியாவைத் தொட்டு, உப்பினங்கடியில் நேத்ராவதியோடு சேர்ந்து, மங்களூரில் கடலில் கலக்கிறது. கனரா மீனின் உலகம் ஏறக்குறைய இந்த இரண்டு ஆறுகள்தான். அடுத்த முறை வீட்டில் யாராவது குக்கே போனால் நீங்களும் கிளம்புங்கள். வலை எடுத்துப் போகாதீர்கள். கையில் ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் போதும்.

மதுரையில் ஆண்டுக்கு 850 மி.மீ. மழை பெய்தால் நல்ல ஆண்டு என்போம். குமாரதாரா ஓடுகிற மாவட்டத்தில் 3,500 மி.மீ.க்கும் மேலே கொட்டுகிறது, அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள். அந்த மாதங்களில் ஆறு பாறையை மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடும். இறங்கவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் அதே ஆறு இறங்கி, தெளிந்து, பாறைகளுக்கு நடுவே மடுமடுவாகக் கிடக்கும். அப்போது போய் ஒரு பாறைமேல் உட்காருங்கள். எங்கே தண்ணீர் நுரைக்கிறது, எங்கே சத்தமில்லாமல் சுழல்கிறது, எங்கே பாசி வழுக்குகிறது, எங்கே கல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதுங்கள். படம் எடுப்பதைவிட எழுதுவது நல்லது. எழுதும்போதுதான் கண் நிற்கும்.

இந்த மீன் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வாழும் இடம் சிறியது, அந்த இடமும் மாறிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு நிமிடம்கூட மறக்காதீர்கள். இனி நான் சொல்கிற எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டதுதான்.

3. ஓடும் நீரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு முக்கியம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

“வேகமாக ஓடுகிற ஆற்று மீன்” என்று கேட்டவுடன் பிள்ளைகள் செய்கிற வேலை, கடைக்குப் போய்ப் பெரிய வேவ் மேக்கரை வாங்கி வந்து மாட்டுவது. தொட்டி முழுக்கத் தண்ணீர் சுழன்றடிக்கும். மீன் ஒரு மூலையில் மூச்சிரைக்க நிற்கும். ஆறு அப்படி ஓடுவதில்லை.

பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறக்கிற நாட்களில் கள்ளந்திரிக்குப் போய்ப் பாருங்கள். கரையில் நின்றே பாருங்கள், கால்வாயில் இறங்குகிற வேலை வேண்டாம். பாலத்தின் தூணில் தண்ணீர் வந்து மோதுகிறது. தூணின் முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, முன்னைவிட வேகமாகப் பாய்கிறது. தூணுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட நிற்கிறது. சில இடத்தில் எதிர்ப்பக்கமாகத் திரும்பியும் வருகிறது. ஒரு காய்ந்த இலையைப் போட்டால் தெரியும். வேகத்தில் விழுந்த இலை ஓடிவிடும், பின்பக்கத்தில் விழுந்தது அங்கேயே வட்டமிடும். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் அகலத்தில் ஒரு கோடு தெரியும். ஓடுகிற தண்ணீர் உணவைக் கொண்டுவருகிறது, காற்றைக் கலக்கிறது. நிற்கிற தண்ணீர் ஓய்வு தருகிறது. அந்தக் கோட்டில் நிற்கிற மீனுக்கு இரண்டும் கிடைக்கும். பாறை நிறைந்த ஆற்றில் இப்படிப்பட்ட கோடு ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் இருக்கிறது. ஆற்றின் வேகத்தை உடைத்து மீனுக்கு வீடு கட்டித் தருவது கல்.

மீனின் உடம்பையும் பாருங்கள். கனரா மீன் தட்டையாக, உயரமாக இருக்கிறது. பக்கவாட்டில் தண்ணீர் அடித்தால் தள்ளிக்கொண்டு போய்விடும். பாய்ச்சலுக்கு நடுவில் நாளெல்லாம் நிற்கிற உடம்பு இல்லை இது. பாறை இடுக்கில் நுழைந்து திரும்ப வசதியான உடம்பு. நிஜமான பாய்ச்சலில் வாழ்கிற சிக்லிட் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அருவியும் பாறைப் பாய்ச்சலுமாகத்தான் இருக்கிறது. அங்கே, கடைக்காரர்கள் பஃபலோ ஹெட் என்று சொல்கிற மீன் வாழ்கிறது. அதற்குக் காற்றுப்பை சுருங்கிவிட்டது. மற்ற மீன் மாதிரி நடுத்தண்ணீரில் மிதக்காமல், தரையில் கல்லுக்குக் கல் தத்திப் போகும். அதே ஆற்றின் ஆழத்தில் கண்ணே இல்லாத வெளிறிய சிக்லிட் ஒன்றும் உண்டு. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மெலனி ஸ்டியாஸ்னியும் கூட்டாளிகளும் அந்தப் பாய்ச்சல்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, ஒரு பாய்ச்சல் நடுவில் வந்தாலே இந்தப் பக்க மீனும் அந்தப் பக்க மீனும் வெவ்வேறாகப் பிரிந்து போவதைக் கண்டார்கள். கரைக்குக் கரை தூரம் அதிகமில்லை. நடுவில் ஓடுகிற தண்ணீரின் வேகமே மதில்.

எனவே தொட்டி வைக்கும்போது உங்கள் கேள்வி “எவ்வளவு வேகம்?” என்று இருக்கக் கூடாது. “எங்கே வேகம், எங்கே ஓய்வு, இரண்டும் எங்கே சந்திக்கின்றன?” என்று கேளுங்கள்.

4. ஜிலேபியிடம் பாடம் படியுங்கள்

சிக்லிட் என்றால் என்னவென்று அறிய மங்களூர் வரை போக வேண்டாம். சந்தையில் ஜிலேபி மீன் வாங்கி மூக்கைப் பாருங்கள். கெண்டைக்கும் கெளுத்திக்கும் பக்கத்துக்கு இரண்டிரண்டு மூக்குத் துளை. ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். உடம்பின் பக்கக் கோடு நடுவில் அறுந்து, கொஞ்சம் கீழே மறுபடி தொடங்கும். தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கும். இந்த மூன்றும் சிக்லிட் குடும்பத்தின் அடையாளங்கள்.

கோடையில் கண்மாய் வற்றும்போது சகதியில் தட்டு அளவில் வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியுமே, அவை ஆண் ஜிலேபி வாயாலும் உடம்பாலும் பறித்தவை. பெண் அங்கே வந்து முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். இவ்வளவு கவனமாகப் பிள்ளை வளர்ப்பதால்தான் அது போன இடமெல்லாம் பெருகுகிறது. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன் இது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் வைகை போய்ச் சேருகிற சீமையிலுள்ள மண்டபம்தான் அது முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று. ஏழே ஆண்டுகளில், 1959-ல், இனி இதைப் பரப்பக் கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. ஆனாலும் அது நிற்கவில்லை, அமராவதி அணை, வைகை அணை, கண்மாய், கிணறு என்று எங்கும் நிறைந்துவிட்டது. நம் நாட்டுக் கெண்டைகள் பல இடங்களில் ஒடுங்கின. ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு அது பெரிய துணை, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மீனை வேறு தண்ணீரில் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஜிலேபியைப் பார்த்தால் புரிந்துகொள்வீர்கள்.

5. உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள்

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் தண்ணீர் மழையிலிருந்து நேரே பாறையில் வழிந்து வருவதால் மிகவும் மென்மையானது. இரண்டும் ஒன்றில்லை.

மென்மை, கடினம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதில் ஒரு பகுதிதான் கடும் விஷம். தண்ணீரின் பி.எச். 7 ஆக இருந்தால், 25 டிகிரி வெப்பத்தில், அந்த விஷப் பகுதி அரை சதவீதத்தைச் சுற்றி. பி.எச். 8 ஆனால் அதுவே ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது அதே அழுக்கு பத்து மடங்கு கொல்லும். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும். காரத் தன்மையுள்ள போர் தண்ணீரில், மே மாதத்தில், தொட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டவர் வீட்டில் மீன் ஏன் கூட்டமாகச் செத்தது என்பதற்கு வேறு மந்திரமெல்லாம் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வையுங்கள். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அடுத்ததைப் பிடியுங்கள். அதில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து டெஸ்ட் கிட்டில் பாருங்கள். வெறும் மழைத் தண்ணீரும் ஆகாது. அதில் தாது இல்லாததால் பி.எச். நிலையாக நிற்காது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். குளோரினை முறிக்கிற ஹைப்போ போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

6. சித்திரை வெயிலுக்குத் தயாராகுங்கள்

ஆற்று மீனுக்கு மூச்சுதான் முதல் பிரச்சினை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் பிராணவாயு வரை பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை. 35-ல் ஏழுக்கும் கீழே. வெப்பம் ஏறும்போது மீனின் உடம்போ அதிக மூச்சு கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. வெளியே 40 டிகிரி அடிக்கிற நாளில் மேற்கு ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைத்தவர் என்ன பம்ப் போட்டாலும் தோற்பார்.

வீட்டில் வெயிலே படாத உள்சுவர் ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேனைக் காற்று படும்படி வையுங்கள். நம் கோடை வறண்ட கோடை, அதனால் ஆவியாதல் வேகமாக நடந்து இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போன அளவுக்கு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற பம்பும் சூடு கொடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஒரு கோடை முழுக்க, மீனே இல்லாமல், தண்ணீரின் வெப்பத்தை மத்தியானமும் விடியற்காலையும் எழுதி வையுங்கள். மே மாதத்தில் 30-க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் உங்கள் வீடு இந்த மீனுக்கான வீடு இல்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த வெப்பத்தைத் தாங்குகிற வேறு மீன் உண்டு.

7. தொட்டியும் குழாயும்

நீளமும் அகலமும் முக்கியம், உயரம் அப்புறம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்புவரை 255 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக 200 லிட்டர் என்று வையுங்கள். மொத்தப் பாரம் 300 கிலோவைத் தாண்டும், ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள்.

மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுகிற பம்ப் இருந்தால் தண்ணீர் மணிக்குப் பத்து முறை சுற்றும். கனரா மீனுக்கு அது போதும். ஓட்டம் ஒரே திசையில் போக ஒரு வழி இருக்கிறது. பவர்ஹெட் என்கிற அந்தப் பம்பைத் தொட்டியின் ஒரு முனையில் வையுங்கள். அது உறிஞ்சுகிற வாயை ஒரு பிவிசி குழாயில் மாட்டி, குழாயை மணலுக்கு அடியிலேயே கொண்டுபோய் மறுமுனையில் மேலே எடுத்து ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மேலே தண்ணீர் இடமிருந்து வலம் ஓடும், அடியில் குழாய் வழியே திரும்பி வரும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற எல்போவும் டீயும் வைத்து ஒரு மாலையில் முடிகிற வேலை. குழாயில் பசை ஒட்ட வேண்டாம், கழற்றிக் கழுவ வசதியாக இருக்கட்டும்.

8. கல் வைப்பது

கல்லைத் தொட்டியின் கண்ணாடி அடியில் நேரே உட்கார வையுங்கள், பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் அடியைப் பறிக்கும், கல் சரியும், கண்ணாடி போகும்.

கிரானைட் நல்ல கல். தண்ணீரில் கரைந்து கடினத்தைக் கூட்டாது. மேலூர்ப் பக்கம் கல் பட்டறைகளில் உடைந்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கூர்முனைகளைத் தேய்த்துவிடுங்கள். சுண்ணாம்புக் கல், பவளக் கல், சங்கு, சிப்பி எதுவும் வேண்டாம். சந்தேகமான கல்லில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள், பொங்கினால் வெளியே போடுங்கள். பெரிய கல்லை முன்னால் வைத்து ஓட்டத்தை உடையுங்கள், அதன் பின்னால் இரண்டு மூன்று கல்லைச் சாய்த்து இடுக்கு உண்டாக்குங்கள். பிறகு ஒரு துளி உணவுத்தூளைத் தண்ணீரில் விட்டு அது போகிற பாதையைப் பாருங்கள். கள்ளந்திரியில் பார்த்த கோடு இங்கே தெரிகிறதா? தெரிகிறவரை கல்லை நகர்த்துங்கள்.

ஆனைமலையிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள். அந்த மலையில் சமணர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில் கி.பி. 770-ல் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. 2010-ல் அந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தபோது, நம் ஊர்களெல்லாம் சேர்ந்து எதிர்த்து நின்று காப்பாற்றிய மலை. அரிட்டாபட்டியும் அப்படியே, 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். தொட்டிக்குக் கல் வேண்டுமென்று அங்கே கை வைக்கிறவருக்கு மீன் வளர்க்க நான் சொல்லித்தர மாட்டேன்.

9. காத்திருங்கள்

தொட்டி நிரப்பிய மறுநாளே மீன் விடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிற நுண்ணுயிர்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டுப் பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரமாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகு மீன்.

10. முதல் மீன் ஆரஞ்சு குரோமைடாக இருக்கட்டும்

இது விலை குறைந்த மீன், நம் கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும், தொட்டியில் தாராளமாகக் குஞ்சு பொரிக்கும். கனரா மீனின் சித்தப்பா பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கணக்கில் இரண்டும் வேறு வேறு, ஆனால் குணத்தைப் படிக்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ஆறேழு குட்டிகளாக வாங்கி விடுங்கள். தானே ஜோடி சேரும். ஜோடி ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யும். முட்டையிட்ட பிறகு ஒன்று மாற்றி ஒன்று செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கும். குஞ்சு நீந்த ஆரம்பித்ததும் பாருங்கள், தாய் தகப்பன் உடம்பில் மொய்த்துக் கொத்தும். மேல்தோலில் ஊறுகிற கோழைதான் அவற்றின் முதல் ஆகாரம். 1960-களில் ஆய்வாளர்கள் இதை எழுதியபோது மீன் உலகத்தில் பெரிய பேச்சாக இருந்தது. 1970-களில் இன்னொன்றும் கண்டார்கள். இந்தச் சின்ன மீன் பெரிய கரிமீனிடம் போய் அதன் செட்டையில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்கிறது, கரிமீனும் அசையாமல் நின்று இடம் கொடுக்கிறது. சமயம் கிடைத்தால் அதே மீன் கரிமீன் முட்டையையும் திருடித் தின்னும். இரண்டையும் உங்கள் கண்ணால் பார்க்க முடிந்தால் பாக்கியம்.

ஜோடி குஞ்சு வளர்க்கிற நாட்களில் தொட்டியில் கை விடாதீர்கள். விருந்தாளிக்குக் காட்டக் கண்ணாடியைத் தட்டாதீர்கள். பயந்தால் குஞ்சையே தின்றுவிடும்.

11. விற்பவரிடம் கேட்க வேண்டியது

ஆரஞ்சு குரோமைடு உங்களிடம் தலைமுறை கண்டு, கோடைக் குறிப்பும் சரியாக இருந்தால், அப்போது கனரா மீனைத் தேடலாம். கொளத்தூர் வியாபாரியோ ஆன்லைன் விற்பனையாளரோ, யாராக இருந்தாலும் முதல் கேள்வி: “இது தொட்டியில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?” பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், மிஸ் கேரளா என்கிற சிவப்புக் கோட்டு மீனுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை ஓடை மீன். வெளிநாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிப் புகழ் பெற்ற பிறகு ஓடை ஓடையாக வலை போட்டு அள்ளினார்கள். 2008-ல் கேரள அரசு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த மீனும் இன்று அழியும் பட்டியலில். அது பல ஆறுகளில் இருந்த மீன். கனரா மீனுக்கு அத்தனை ஆறு இல்லை. தொட்டியில் பிறந்தது கிடைக்கவில்லை என்றால், ஆரஞ்சு குரோமைடோடு நில்லுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

12. கூட்டமும் தீனியும்

கனரா மீன் கூட்டத்து மீன். ஒன்று இரண்டு வாங்கினால் ஒன்றை ஒன்று விரட்டும், மிரண்டு ஒளியும். எட்டுக்குக் குறையாமல் வையுங்கள். தீனி கொஞ்சமாக, நாளுக்கு இருமுறை, பாசி கலந்த பெல்லட்டும் இடையிடையே ஆர்ட்டீமியாவும். கல்லில் படிகிற பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டாம், மேயட்டும்.

13. கரண்ட் போனால்

ஓட்டம் நின்ற தொட்டி சீக்கிரம் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் பவர்ஹெட்டை அதில் சேருங்கள், டிவியைச் சேர்க்க வேண்டாம்.

14. ஒரு மீனையும் வெளித் தண்ணீரில் விடாதீர்கள்

ஊர் மாறிப் போகும்போதும், மீன் பெருகிவிட்டாலும், கண்மாயிலோ வைகையிலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். மிகப் பெரிய பாவம் அது. டேங்க் கிளீனர் என்று வாங்கின மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. ஜிலேபியின் கதையை மேலே சொல்லிவிட்டேன். பெருகிய மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், இன்னொருவருக்குக் கொடுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

15. ஆற்றைப் பற்றிப் பேசும்போது

நேத்ராவதிப் படுகையின் மேல் ஓடைகளில் ஒன்றான எத்தினஹொளெயிலிருந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பி, கோலார், சிக்கபள்ளாபூர் போன்ற வறண்ட மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தின் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. கீழே தும்பெயில் மங்களூருக்குக் குடிநீர் தரும் அணை இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டதும் கொதிப்பார்கள். நான் கொதிக்கத் தயங்குகிறேன். மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் 1895-ல் கிழக்கே திரும்பியதால்தான் மேலூர் வரை நமக்குச் சோறு. கோலாரில் தாகத்தோடு இருக்கிறவரைக் குறை சொல்லும் வாய் நமக்கு இல்லை.

ஆனால் நாம் கேட்கக் கூடிய கேள்வி ஒன்று உண்டு. பிப்ரவரியில் மடுக்களுக்கு நடுவே ஓடுகிற மெல்லிய ஓட்டம் தொடருமா? பாறைக்குப் பின்னால் அந்தக் கோடு இருக்குமா? மழைக்காலத்து வெள்ளத்தை எடுப்பது வேறு, கோடை ஓட்டத்தை எடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து பேசுகிற பத்துப் பேர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால், எந்த அணையைக் கட்டுகிறவரும் காது கொடுக்க வேண்டி வரும். அந்தப் பத்துப் பேரில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் ஆற்றுக்குப் போய் எழுதிவரச் சொன்னேன்.

16. குஞ்சு பொரித்த பிறகு

கனரா மீன் உங்களிடம் முட்டையிட்டால் தேதி, வெப்பம், பி.எச்., முட்டை வைத்த கல் எந்தப் பக்கம், ஓட்டத்திலா ஓய்விலா, எத்தனை நாளில் நீந்தின, எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியதை மற்றவர்களுக்குக் கொடுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு ஆற்றில் வலை குறையும்.

குஞ்சு கேட்டு ஆட்கள் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். விலை பேசுவதற்கு முன் அவருடைய தொட்டியின் ஏப்ரல், மே மாத வெப்பக் குறிப்பைக் கேளுங்கள். இல்லை என்றால், ஆரஞ்சு குரோமைடு ஆறு குட்டிகளைக் கொடுத்து, அடுத்த கோடை முடிந்து நோட்டோடு வரச் சொல்லுங்கள்.